எந்த நூலை வாங்குவது?

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் ஆண்டுதோறும் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை முதுகலைக் கணிதத்தில் சேர்ந்திருக்கிறது, என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம், சார்?" என்பதே அது. கேட்பவர்களுள் தையற்காரர் உண்டு. மீன் வியாபாரி உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியையும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஒரே சொல்லில் விடை கூறிவிடுவேன் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவ்வாறு கூற இயலாத கேள்வி அது. ஏன் இயலாது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பள்ளிப் பருவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அரசு ஒரு பாடநூலை அச்சிட்டுத் தருகிறது. ஆசிரியரும் மாணவரும் அதையே திறக்கின்றனர். முதுகலை வகுப்பிலோ பாடத்திட்டத்தின் அடியில் ஐந்தாறு நூல்களின் பெயர்கள் வரிசையாகக் காணப்படும். அவற்றுள் எது முதலில், எது பின்னர், யாருக்கு எது உரியது என்பதை அத்தாள் கூறுவதில்லை. மாணவர், மூத்த மாணவர் ஒருவர் புகழ்ந்த நூலையோ, பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த நூலையோ கையில் எடுக்கிறார்.

இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆயினும் கணிதத்தை விட்டு விலகிய மாணவர் பலரை நான் அறிவேன். அவர்களுள் அறிவுக் குறைவால் விலகியவர் மிகச் சிலரே. தமக்கு உரியதல்லாத நூலை முதல் நூலாகக் கொண்டு, அதன் முன் தோற்று, அத்தோல்வியைத் தம் அறிவின் தோல்வி என்று கருதி விலகியவர்களே மிகுதி. பிறர் காலுக்குத் தைத்த செருப்பை அணிந்து நடந்து, கொப்புளம் கண்டபின் தம் காலையே குறைகூறிக் கொள்வதை ஒத்தது இது.

எல்லாப் பாடங்களுக்கும் இது பொருந்தும். எனினும் ஒரு பாடத்தில் இதன் விளைவு மிகக் கடுமையாக இருக்கிறது. கல்லூரிகளில் 'ஃபங்ஷனல் அனாலிசிஸ்' என்று வழங்கும் சார்புப் பகுப்பாய்வும், அதன் உச்சியாக விளங்கும் நிறமாலைக் கோட்பாடுமே அப்பாடம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கிதார் நரம்பும் முடிவில்லாத பெஞ்சும்

பெற்றோர் அஞ்ச வேண்டாம். அப்பாடத்தின் கருப்பொருளை எளிய சொற்களிலும் கூறலாம்.

ஆலயத்தில் பாடகர் குழுவினர் மீட்டும் கிதாரை எடுத்துக் கொள்வோம். இரு முனைகளிலும் கட்டப்பட்ட நரம்பை மீட்டினால், அது எப்படி வேண்டுமானாலும் அதிர்வதில்லை. ஓர் அடிப்படை அதிர்வும், அதைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு வேகமுள்ள அதிர்வுகளும் அதற்கு உண்டு. நாம் கேட்கும் ஒலி இவற்றின் கலவையே. இந்த அதிர்வை விளக்கும் சமன்பாட்டைத் தக்க அலகில் எழுதினால் 1, 4, 9, 16 என்னும் எண்கள் தாமே வெளிப்படுகின்றன. இவற்றை ஐகன் மதிப்புகள் என்பர். சிக்கலான ஒன்றை அதற்கே உரிய எளிய கூறுகளாகப் பிரித்துக் காணும் கலையே நிறமாலைக் கோட்பாடு. முப்பட்டைக் கண்ணாடி வெள்ளொளியை நிறங்களாகப் பிரிப்பதை நினைத்துக் கொண்டால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

அப்பெயரில் ஒரு வியப்பும் அடங்கியிருக்கிறது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட், 1904 முதல் 1910 வரை தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் 'நிறமாலை' என்னும் சொல்லைக் கணிதப் பொருளில் ஆண்டார். அணுக்கள் உமிழும் ஒளியை எண்ணி அவர் அச்சொல்லை எடுக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1926ஆம் ஆண்டில், ஷ்ரோடிங்கர் ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளை ஐகன் மதிப்புகளாகவே கணித்துக் காட்டினார். அந்நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளே அணுவின் ஒளிக்கோடுகளாகத் தோன்றுகின்றன. கணிதத்தின் நிறமாலையும் ஒளியின் நிறமாலையும் இவ்வாறு ஒன்றாயின.

இளங்கலையில் பயின்ற அணிகளும் இத்தகைய பிரிப்பையே செய்கின்றன. ஆனால் அங்கே திசைகள் இரண்டோ மூன்றோ பத்தோ, எண்ணி முடிக்கலாம். இங்கே திசைகள் எண்ணற்றவை. எண்ணற்ற இடத்தில் நம் பழைய அனுபவம் உதவாது. ஆலயத்தில் முடிவே இல்லாத ஒரு பெஞ்சு வரிசை இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் அமர்ந்திருக்கிறார். எல்லாரும் ஓரிடம் தள்ளி அமருங்கள் என்றால், வெளியேறுபவர் ஒருவரும் இல்லை. ஆனால் முதல் இடம் காலியாகிவிடும். முடிவுள்ள பெஞ்சில் இது நடவாது. கணிதத்தில் இதை 'நகர்த்தும் செயலி' என்பர். இத்தகைய விந்தைகள் நிறைந்த நாட்டுக்குள் மாணவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டியே பாடநூல். வழிகாட்டி விரைந்து நடப்பவராயின், பின்தொடர்பவர் வழி தவறிவிடுவார்.

ஒரு பெண்ணின் நிலை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் முதுகலை இரண்டாம் ஆண்டில் இப்பாடத்தைத் தொடங்கினாள். தந்தை தையற்காரர்; அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் பிள்ளை அவள். வகுப்பில் நடந்தது விரைவாக எழுதித் தரப்பட்ட குறிப்புகள் மட்டுமே. எனவே தானே படித்துக்கொள்ள எண்ணி, 'இதுவே மிகச் சிறந்த நூல்' என்று யாரோ கூறிய வால்டர் ருடினின் நூலைத் தேடி வாங்கினாள். இரண்டு மாதங்களில் முதல் அத்தியாயத்தை அவளால் கடக்க முடியவில்லை. படிப்பை முடித்தவுடன் கணிதத்துக்குத் தலைமுழுகிவிட்டு ஏதேனும் ஓர் அலுவலகப் பணிக்குச் செல்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே கூறிவந்த பெண் அவள். அவளை என்னிடம் அழைத்து வந்தவர் அவள் தந்தை.

"சார், மூளை போதவில்லை என்கிறாள். அப்படியானால் வற்புறுத்த எனக்கு மனமில்லை. நீங்கள் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்" என்றார் அவர்.

நான் அவளுடைய மூளையைப் பற்றிப் பேசவில்லை. நூலைக் காட்டச் சொன்னேன். 1973இல் முதன்முதல் வெளிவந்த அந்நூல் அதன் வகையில் ஓர் அரிய படைப்பு, ஐயமே இல்லை. ஆனால் அதன் முதல் அத்தியாயமே டோபாலஜிசார் வெக்டர் வெளிகள் என்னும் மிகப் பொதுவான தளத்தில் தொடங்குகிறது. நாம் எளிதில் கற்பனை செய்யக்கூடிய ஹில்பர்ட் வெளியின் செயலிகள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் விரிவாக வருகின்றன. ருடின் அதற்கு முன்னரே இரண்டு பாடநூல்கள் எழுதியவர்: 1953இல் ஒன்று, 1966இல் மற்றொன்று. அவ்விரு படிகளில் ஏறி வருபவருக்கு மூன்றாம் படி உயரமாகத் தோன்றாது. அளவைக் கோட்பாட்டையே முறையாகக் கல்லாத ஒரு பெண், மூன்றாம் படியில் நேரே கால் வைக்க முயன்றாள். தடுக்கியது படியின் உயரத்தால். காலின் வலிமை போதாமையால் அன்று.

"அம்மா, இந்நூலை எரிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், அலமாரியில் வை. மூன்று ஆண்டுகள் கழித்து நீயே அதைத் தேடி எடுப்பாய். இப்போது வேறொன்றைத் தேர்ந்தெடுப்போம்" என்றேன்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நூலைத் தேடுவதற்கு முன் மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. அன்று அவளிடமும் அவற்றையே கேட்டேன்.

முதலாவது, நான் எங்கே நிற்கிறேன்? அணிகளையும் வெக்டர் வெளிகளையும் நன்கு அறிவேனா? தொடர்ச்சி, ஒருங்கல் ஆகியவற்றின் நிரூபணங்களை நானே எழுத வல்லேனா? லெபேக் தொகையீட்டைக் கற்றிருக்கிறேனா? முதல் இரண்டும் இல்லாதவர் இப்பாடத்தை இன்னும் தொடங்கலாகாது. மூன்றாவது இல்லாதவர் தொடங்கலாம். ஆனால் அதற்கேற்ற நூலை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நான் எங்கே போக விரும்புகிறேன்? இயற்பியலுக்கா, வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கா, செயலிகளின் இயற்கணிதத்துக்கா, தேர்வுக்கு மட்டுமா? ஊர் தெரியாமல் பேருந்தில் ஏறுபவர் இல்லை.

மூன்றாவது, எனக்குத் துணை யார்? நாள்தோறும் ஐயம் தீர்க்கும் ஆசிரியர் இருப்பின் சுருக்கமான நூலே போதும். விடுபட்டதை அவர் நிரப்புவார். தனியே படிப்பவருக்கு அந்நூல் பகையாகிவிடும். அவருக்கு ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுவதும், கணக்குகளும் விடைகளும் உடையதுமான நூலே ஏற்றது.

இம்மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நூல்களை நோக்கினால் அவை தாமே வரிசையில் நிற்கும்.

நூல்களின் வரிசை

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் நெடுங்காலமாக இடம்பெற்றிருப்பது ஜார்ஜ் சிம்மன்ஸ் 1963இல் எழுதிய நூல். டோபாலஜி, செயலிகள், செயலிகளின் இயற்கணிதம் என்று மூன்று பகுதிகளாக அமைந்தது. அதன் நடை தெளிந்த நீரோடை போன்றது. எழுபதுகளில் நான் மாணவனாயிருந்தபோது அந்நூலைப் படித்தே இப்பாடத்தின்மீது பற்றுக் கொண்டேன். ஆனால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அதில் நிறமாலைத் தேற்றம் முடிவுள்ள பரிமாண வெளிகளுக்கு மட்டுமே நிறுவப்படுகிறது. அங்கிருந்து ஆசிரியர் பானாக் இயற்கணிதங்களின் பக்கம் திரும்பிவிடுகிறார். தேர்வுக்கு அது போதுமானது. நிறமாலைக் கோட்பாட்டை உண்மையாகவே கற்க விரும்புபவருக்குப் போதாது.

எர்வின் கிரைசிக் 1978இல் வெளியிட்ட அறிமுக நூல் தனியே படிப்பவருக்கென்றே எழுதப்பட்டது போன்றது. அளவைக் கோட்பாட்டை அது கேட்பதில்லை; டோபாலஜியும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதினோர் அத்தியாயங்களுள் ஏழாவது முதல் பதினொன்றாவது வரை முழுவதும் நிறமாலைக் கோட்பாடே. இறுதி அத்தியாயம் குவாண்டம் இயங்கியலைத் தொடுகிறது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் உண்டு. ஒற்றைப்படை எண்ணுள்ளவற்றுக்கு இறுதியில் விடை தரப்பட்டுள்ளது. நம் நாட்டு மறுபதிப்பாகவும் அது கிடைக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அளவைக் கோட்பாட்டைத் தவிர்த்தமையால், நிறமாலைத் தேற்றத்தின் மிக அழகிய வடிவங்களை அது காட்டுவதில்லை. பல பக்கங்களில் மெதுவாக நடக்கிறது. விரைந்து செல்ல வல்லவருக்கு அது சலிப்பூட்டும்.

மும்பை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய லிமாயே 1981இல் எழுதிய நூல், நம் மாணவரின் நிலையறிந்து எழுதப்பட்டது. கிரைசிக்கை விடச் செறிவானது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய கேசவன் 2009இல் வெளியிட்ட நூல், வகைக்கெழுச் சமன்பாடுகளின் பக்கம் செல்ல விரும்புபவருக்கு ஏற்றது. அதே வழியில் மேலும் செல்பவர், பிரெஞ்சு மொழியில் 1983இலும் விரிந்த ஆங்கில வடிவில் 2011இலும் வெளிவந்த பிரெஸிஸின் நூலை நாடுவர்.

இயற்பியலை நோக்கிச் செல்பவருக்கு ரீட், சைமன் இருவரும் 1972 முதல் 1979 வரை வெளியிட்ட நான்கு தொகுதிகளுள் முதலாவது உரியது. அதன் ஏழாம் அத்தியாயம் நிறமாலைத் தேற்றம். எட்டாம் அத்தியாயம் வரம்பிலாச் செயலிகள். ஹில்பர்ட் வெளியிலிருந்தே தொடங்க விரும்புபவருக்கு ஜான் கான்வேயின் 1985ஆம் ஆண்டு நூல் நன்று. கண்ணால் காணத்தக்க எளிய நிலையிலிருந்து அது பொதுநிலைக்கு ஏறுகிறது. ரீஸ், நாகி என்னும் ஹங்கேரிய அறிஞர் இருவர் 1952இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூல், இத்துறையைப் படைத்தவர் ஒருவரே அருகில் அமர்ந்து கதை சொல்வது போன்றது. இரண்டாம் முறை கற்பவர் அதைச் சுவைப்பர். டன்ஃபோர்ட், ஷ்வார்ட்ஸ் இயற்றிய மூன்று தொகுதிகள் 1958, 1963, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 2500 பக்கங்களுக்கு மேற்பட்டவை. நூலகத்தில் இருக்க வேண்டிய களஞ்சியம் அது. முதல் நூலாக அதை எடுப்பவர், கிணற்றில் நீந்தப் பழகுமுன் கடலில் குதிப்பவர்.

மேலும் ஒன்று. ஹால்மோஸ் 1963இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. நிறமாலைத் தேற்றம் உண்மையில் என்னதான் சொல்கிறது என்பதே அதன் பொருள். தக்க இடத்தில் நின்று நோக்கினால், தன்-இணைச் செயலி ஒவ்வொன்றும் ஒரு சார்பால் பெருக்குவதே அன்றி வேறில்லை என்று அதில் விளக்குகிறார். எந்தப் பாடநூலைப் படித்தவரும் அதைச் சில பக்கங்களில் படித்துத் தெளிவடையலாம்.

ஒரு தேற்றத்தால் சோதித்தல்

இவ்வளவு கூறியபின்னும் "இவற்றுள் எதை வாங்குவது?" என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். என் விடை இதுதான்: ஒரே தேற்றத்தை மூன்று நூல்களில் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்பெண்ணை அவள் கல்லூரி நூலகத்துக்குச் சென்று ருடின், கிரைசிக், லிமாயே ஆகிய மூன்றிலும் ஒரே தேற்றத்தைத் தேடச் சொன்னேன். 'காம்பாக்ட்' எனப்படும் வகையைச் சேர்ந்த செயலியின் ஐகன் மதிப்புகளை எண்ணி வரிசைப்படுத்தலாம். அவை முடிவின்றி நீண்டால் பூச்சியத்தை நோக்கியே குவியும் என்பது அத்தேற்றம். நம் கிதார் நரம்பே இதற்குச் சான்று. நரம்பின் சமன்பாட்டைத் தலைகீழாக்கினால் ஒரு தொகையீட்டுச் செயலி கிடைக்கும். அதன் ஐகன் மதிப்புகள் 1, 1/4, 1/9, 1/16 என்று சிறுத்துக்கொண்டே பூச்சியத்தை நெருங்குகின்றன.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மாலைப்பொழுது. கையில் பென்சிலும் தாளும் வேண்டும். படித்து முடித்து நூலை மூடியபின் மூன்றைக் கவனிக்கச் சொன்னேன். நிரூபணத்தின் போக்கை நூலைப் பாராமல் ஐந்து வரிகளில் சொல்ல முடிகிறதா? முன் பக்கங்களைத் தேடி எத்தனை முறை பின்னோக்கிப் புரட்ட நேர்ந்தது? தொடர்ந்து வரும் கணக்குகளில் ஒன்றையேனும் தொட மனம் விழைகிறதா? மூன்றாவதே முதன்மையானது. பென்சிலைக் கையில் எடுக்கச் செய்யும் நூலே நமக்குரிய நூல். வியந்து கைகட்டி நிற்கச் செய்யும் நூல் எவ்வளவு உயர்ந்ததாயினும் இன்று நமக்குரியதன்று.

நான்காம் நாள் அவள் வந்தாள். ருடினில் நிரூபணம் மிகச் சுருக்கமாக இருந்தது என்றாள்; ஆனால் ஒவ்வொரு வரியும் முன்னுள்ள மூன்று அத்தியாயங்களைச் சுட்டியதாம். லிமாயேயில் பாதி விளங்கியது. கிரைசிக்கின் எட்டாம் அத்தியாயத்தில் அதே தேற்றம் நீளமாக இருந்தது. ஆயினும் எல்லா வரிகளும் விளங்கின. அதன்பின் அவள் கூறியதுதான் என்னை மகிழ்வித்தது. "சார், அடுத்த கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இரவு பதினொரு மணியாகிவிட்டது. அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டார்கள்."

தேர்வு முடிந்துவிட்டது என்று உணர்ந்தேன். கிரைசிக்கை நடைத்துணையாகவும், சிம்மன்ஸைத் தெளிவுக்காகவும் வைத்துக்கொள்ளுமாறு கூறினேன். அளவைக் கோட்பாட்டைப் பக்கத்தில் தனியே கற்று வரவேண்டும். அது முடிந்தபின் கான்வேயையோ ரீட், சைமனையோ எடுக்கலாம் என்றும் குறித்துக் கொடுத்தேன்.

பாரிஸிலிருந்து வந்த ஆசிரியர்

தக்க நூலைத் தக்க மாணவர் கையில் சேர்ப்பது எத்துணைப் பெரிய பணி என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. சார்ல் ரசீன் என்னும் இயேசு சபைக் குருவானவர் 1897இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். பாரிஸ் நகரில் எலி கார்த்தான் என்னும் பேரறிஞரிடம் கணிதம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியாவுக்கு வந்த அவர், முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர் நெடுங்காலம் சென்னை இலொயோலா கல்லூரியிலும் கற்பித்தார். 1976இல் மறைந்தார்.

அக்காலத்தில் நம் பல்கலைக்கழகங்களின் கணிதப் பாடம் பழைய ஆங்கிலேயத் தேர்வு முறையை ஒட்டியே இருந்தது. ஐரோப்பாவில் புதிதாக மலர்ந்திருந்த கணிதம் இங்கே எட்டவில்லை. பானாக்கின் நூல் பிரெஞ்சிலும், ஃபான் நாய்மனின் நூல் ஜெர்மனிலும், ஸ்டோனின் நூல் ஆங்கிலத்திலும் 1932ஆம் ஆண்டிலேயே வெளிவந்து, நாம் பேசும் இப்பாடத்துக்கு அடித்தளம் அமைத்திருந்தன. பாடத்திட்டத்தை ஒரு தனி ஆசிரியர் மாற்ற இயலாது. ரசீன் அடிகளார் மாணவரின் மேசை மீதிருந்த நூல்களை மாற்றினார். புதிய கணிதத்தின் நூல்களைப் படிக்க அவர்களைத் தூண்டினார்; ஆராய்ச்சிக்கு மும்பை டாட்டா நிறுவனத்துக்குச் செல்ல ஊக்கினார். அவ்வாறு 1953இல் அங்குச் சென்றவர்களுள் இருவர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும். மேற்கூறிய மூன்று நூல்களும் வெளிவந்த 1932ஆம் ஆண்டிலேயே அவ்விருவரும் பிறந்தனர் என்பது இனிய தற்செயல். அவர்கள் 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்று உலகெங்கும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது.

ரசீன் அடிகளார் போன்ற ஆசிரியர் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் அப்பணியை மாணவர் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதனாலேயே நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இனி நடைமுறைக்கு உதவும் சில செய்திகள்.

வாங்குமுன் நூலகத்தில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நூலை வாங்கியபின் குறைந்தது மூன்று மாதம் அதனோடு வாழ வேண்டும். மாதம் ஒரு நூலாக மாற்றுபவர் எல்லா நூல்களின் முதல் அத்தியாயத்தையும் அறிவார். எந்த நூலின் இரண்டாம் அத்தியாயத்தையும் அறியார். ஆயினும் ஒரு மாத உழைப்புக்குப் பின்னும் பத்துக் கணக்குகளில் ஒன்றுகூடப் போட முடியவில்லையெனில், நூலை மாற்றத் தயங்க வேண்டாம். அதில் அவமானம் ஏதுமில்லை.

நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும். எழுதாமல் படித்தது படித்ததாகாது. ஒவ்வொரு வரையறைக்கும் ஓர் எடுத்துக்காட்டையும், பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பெஞ்சு வரிசையைப் போன்ற நகர்த்தும் செயலியும், மாறியால் பெருக்கும் செயலியும் எப்போதும் கையில் இருக்கட்டும். பூச்சியம் முதல் ஒன்று வரையுள்ள இடைவெளியில் சார்புகளை மாறியால் பெருக்கும் செயலிக்கு ஓர் ஐகன் மதிப்புகூட இல்லை. ஆனால் அவ்விடைவெளி முழுவதும் அதன் நிறமாலை. முடிவுள்ள அணிகளில் நடவாத இந்த விந்தையை உணர்ந்தவர் பாடத்தின் பாதியைக் கடந்தவராவார். ஆசிரியர் துணை இல்லாதவருக்கு, அரசின் என்.பி.டெல் திட்டத்தில் இப்பாடத்துக்கான விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கேட்பது நன்று. கேட்டபின் நூலையும் திறக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கும் பாடம் உங்களுக்கு விளங்காதிருக்கலாம். அதனால் அப்பிள்ளைக்கு உதவ இயலாது என்று எண்ணாதீர்கள். "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதைவிட, "இன்று எந்தப் பக்கம் படித்தாய்? அதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தத் தையற்காரர் அவ்வாறே செய்தார். இரவு உணவுக்குப் பின், தைத்துக் கொண்டிருக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு, மகள் கிதார் நரம்பைப் பற்றிச் சொல்வதைக் கேட்டார். அவருக்குக் கணிதம் எவ்வளவு விளங்கியதோ, மகளுக்கு அவர் கேட்ட கேள்விகளால் தெளிவு பிறந்தது. "கேட்பவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றபோதுதான் எனக்கே புரிந்தது, சார்" என்று அவளே என்னிடம் கூறினாள்.

அவள் அப்பாடத்தில் நல்ல முறையில் தேறினாள். அலுவலகப் பணி பற்றிய பேச்சு அவ்வீட்டில் மீண்டும் எழவில்லை. ஆராய்ச்சிப் படிப்புக்கான தகுதித் தேர்வுக்கு அவள் ஆயத்தம் செய்துவருகிறாள். சென்ற மாதம் அவள் மேசையைப் பார்த்தேன். ஓரங்கள் கறுத்துப் போன கிரைசிக் ஒருபுறம் இருந்தது. நடுவே விரித்து வைக்கப்பட்டிருந்தது, அலமாரியிலிருந்து இறங்கி வந்த ருடின். நான்காம் அத்தியாயத்தின் ஓரங்களில் பென்சிற் குறிப்புகள் நிறைந்திருந்தன.

பிள்ளை ஒன்று "எனக்கு இது வராது" என்று சோர்ந்து அமரும்போது, அச்சொல்லை உடனே நம்பிவிடாதீர்கள். அதன் கையில் இருப்பது எந்த நூல், அதை அதற்குத் தேர்ந்து கொடுத்தவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அருகில் உள்ள கல்லூரியில் அப்பாடத்தை அறிந்த ஓர் ஆசிரியரைத் தேடி, பிள்ளையோடு நூலையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். ஒரு மணி நேரம் செலவாகும், அவ்வளவே.